புகையைக் கேக் சோடா ஆக்கினால் புகை போய்விடுமா?

தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலை, தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்துச் சமையல் சோடா செய்கிறது என்ற செய்தி 2017 ஜனவரியில் உலகம் முழுக்கச் சுற்றியது. லண்டனின் கார்டியன் நாளிதழ் எழுதியது, பிபிசி வானொலி பேசியது, அதற்கப்புறம் தமிழில் வராத இடம் இல்லை. ஆலையின் பெயர் தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ். வாயுவைப் பிடிக்கும் தொழில்நுட்பம் கார்பன் கிளீன் என்ற நிறுவனத்துடையது. கரக்பூர் ஐஐடியில் படித்த இரண்டு இளைஞர்கள் 2009 இல் தொடங்கியது. வருஷத்துக்கு 60,000 டன் கரியமில வாயு பூட்டி வைக்கப்படும், அதுவும் அரசு மானியம் இல்லாமல் என்பதுதான் தலைப்பின் சாரம்.

இன்னைக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது இந்தச் செய்தியை யாராவது எனக்கு அனுப்பி வைக்கிறார்கள். "பாத்தீங்களா, நம்ம பக்கத்துல எப்பேர்ப்பட்ட காரியம் நடக்குது" என்று ஒரு வரியும் சேர்ந்து வரும். பக்கம்தான். நான் இருக்கிற கூடங்குளத்திலிருந்து கடற்கரையை ஒட்டிப் போனால் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பெருமைப்பட விஷயமும் உண்டு. ஆனால் "பூட்டி வைப்பது" என்ற அந்த ஒரு வார்த்தை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. காரணம் எளிமையானது: சமையல் சோடாவை நாம் கேக்கில் போடுவதே, அது கரியமில வாயுவை வெளியே விடும் என்பதற்காகத்தான்.

எனவே இது அந்தச் செய்தியைப் பற்றிய விமரிசனம். ஆலையைப் பற்றியது இல்லை. அந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்று போகப் போகத் தெரியும். முதலில் அடுப்பங்கரைக்குப் போவோம். இந்த வழக்கின் சட்டப் புத்தகம் அங்கேதான் இருக்கிறது.

மாவுக்குள் என்ன நடக்கிறது

சமையல் சோடா, ஆப்ப சோடா, சோடா உப்பு எல்லாம் ஒன்றுதான்: சோடியம் பைகார்பனேட். இது ஒரு மென்மையான காரம். அமிலம் பட்டால் மூன்றாகப் பிரியும்: அமிலத்தின் சோடிய உப்பு, தண்ணீர், கரியமில வாயு. தயிரில் இருப்பது லாக்டிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக், புளியில் டார்டாரிக். எது கிடைத்தாலும் சோடாவுக்குச் சரி. வெளியேறும் வாயுக் குமிழிகளை மாவு பிடித்துக்கொள்கிறது, சூட்டில் குமிழிகள் விரிகின்றன, அதே சூட்டில் மாவும் முட்டையும் இறுகி அந்த ஓட்டைகளை நிரந்தரமாக்கிவிடுகின்றன. கேக்கின் மென்மை என்று நாம் சொல்வது, வாயு போன பிறகு மிஞ்சிய காலி வீடு.

ஒரு டீஸ்பூன் சோடா சுமார் 5 கிராம். அதற்குள் அடங்கியிருக்கும் கரியமில வாயு 2.6 கிராம். கேட்க ஒன்றுமில்லை போல இருக்கும். ஆனால் நம்ம ஊர் வெப்பநிலையில் அது கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் வாயு. பாட்டில் வாயில் பலூனை மாட்டி, உள்ளே எலுமிச்சைச் சாறும் சோடாவும் போட்டுப் பாருங்கள். பலூன் உப்புவதைப் பார்த்தால், ஒரு சின்னக் கரண்டி வெள்ளைப் பொடிக்குள் இவ்வளவு அடைந்து கிடந்ததா என்று தோன்றும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. அந்த 5 கிராம் சோடாவை முழுக்கச் சமன் செய்ய லாக்டிக் அமிலம் மட்டும் 5.4 கிராம் வேண்டும். தயிரில் அமிலம் ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு. அப்படியானால் ஒரு டீஸ்பூன் சோடாவுக்கு அரைக் கிலோவுக்கும் மேல் தயிர்! ஒரு கப் தயிருக்கு அரை டீஸ்பூன் சோடா என்ற பழைய கைப்பக்குவ அளவு, இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் இப்போது வருகிற சமையல் வீடியோக்கள் பலவற்றில் ஒரு டீஸ்பூன் சோடா, இரண்டு மேஜைக்கரண்டி தயிர் என்று போடச் சொல்கிறார்கள். இரண்டு கரண்டித் தயிரில் இருக்கும் அமிலம் கால் கிராம் சோடாவுக்கு மேல் எதையும் சமன் செய்யாது. மிச்சச் சோடா என்ன ஆகும்?

சூட்டில் தானாகவே உடையும். அமிலம் இல்லாமல் உடையும்போது பாதி வாயுதான் வெளியேறும். மீதி சோடியம் கார்பனேட்டாக, அதாவது சலவைச் சோடாவாக, கேக்குக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். எங்க சித்தி இதற்கு ரசாயனம் படிக்கவில்லை. "சோடா கூடிட்டுன்னா சவுக்காரத்தைக் கடிச்ச மாதிரில்லா இருக்கும்" என்பாள். அது உவமை இல்லை, உண்மை. சவுக்காரம், அப்பளக்காரம் இதிலெல்லாம் வருகிற "காரம்", மிளகாய்க் காரம் இல்லை. பள்ளிக்கூடத்தில் அமிலம், காரம் என்று படித்தோமே, அந்தக் காரம். தமிழ் நாக்கு இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருப்பதால்தான் நமக்கு இந்தக் குழப்பம்.

கேக்கில் காரம் மிஞ்சியதா என்று பார்க்க லிட்மஸ் தாள் தேவையில்லை. ஆரத்தித் தட்டு ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கும். மஞ்சளின் நிறமி காரத்தைக் கண்டால் சிவந்துவிடும். மஞ்சள்தூள் போட்ட பஜ்ஜி மாவில் சோடா சரியாகக் கலக்காமல் போனால் அங்கங்கே செம்புள்ளி தெரிவதும் இதே கதை. மாவு மஞ்சளாகவே இருந்தால் கணக்கு ஓரளவு சரி என்று அர்த்தம். சிவந்தால், அமிலம் போதவில்லை.

பேக்கிங் பவுடர் என்பது இந்தக் கணக்கை நம்மிடம் விடாமல் கம்பெனியே போட்டு வைப்பது. சோடா, அதற்குத் தேவையான அளவு உலர்ந்த அமில உப்பு, இரண்டும் ஈரம் பட்டு முன்கூட்டியே சண்டை போடாமல் இருக்கக் கொஞ்சம் ஸ்டார்ச். எடை முழுவதும் சோடா இல்லை என்பதால்தான் சோடா ஒரு பங்கு போடும் இடத்தில் பேக்கிங் பவுடர் மூன்று பங்குக்கு மேல் வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி மக்ரூனுக்கு இது எதுவுமே வேண்டாம். அது முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் பிடித்த வெறும் காற்று. இட்லிக்கும் வேண்டாம், அங்கே அமிலத்தையும் வாயுவையும் சேர்த்தே நுண்ணுயிர்கள் செய்து கொடுக்கின்றன.

இவ்வளவு தூரம் அடுப்பங்கரையில் நின்றதற்குக் காரணம், மூன்று விஷயங்களைக் கையில் எடுத்துக்கொண்டு போகத்தான். ஒன்று, சோடா அமிலத்தைக் கண்டால் தன்னிடமுள்ள வாயு முழுவதையும் விட்டுவிடும். இரண்டு, அமிலம் இல்லாவிட்டாலும் சூடு பட்டால் பாதியை விட்டுவிடும். மூன்று, காரத்துக்கும் அமிலத்துக்கும் கணக்கு நேர் செய்தே ஆகவேண்டும். ஒன்று மிஞ்சினால் அது எங்கேயோ தெரியும். இனி தூத்துக்குடிக்குப் போகலாம்.

அந்த ஆலை உண்மையில் செய்வது என்ன

கரியமில வாயு தண்ணீரில் மென்மையான அமிலமாக நடந்துகொள்ளும். புகையில் நைட்ரஜனோடு கலந்திருக்கும் அதைத் தனியாகப் பிரிக்க, அமீன் வகைக் காரக் கரைசல் ஒன்றைப் புகையின் குறுக்கே விடுகிறார்கள். அமிலத்தைக் காரம் பிடித்துக்கொள்கிறது. பிறகு அந்தக் கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியே வந்துவிடும், கரைசல் மறுபடி வேலைக்குப் போகும். கவனித்தீர்களா? கேக்கில் நடப்பதன் மறுபக்கம்தான் இது. பிடிப்பதும் அமில-கார உறவு, விடுவதும் சூடு. கார்பன் கிளீனின் சாதனை, குறைந்த வெப்பச் செலவில் இதைச் செய்யும் கரைசல். அந்தச் சாதனையில் எனக்கு மறுப்பில்லை.

பிடித்த வாயு அடுத்துப் போகுமிடம் சோடா கோபுரம். அங்கே நடப்பதைச் சொற்களில் எழுதினால் இப்படி:

உப்பு + அம்மோனியா + கரியமில வாயு + தண்ணீர் → சமையல் சோடா + நவச்சாரம்

ஆமாம், ஈயம் பூசுகிறவர் பாத்திரத்தில் தேய்க்கிற அதே நவச்சாரம்தான், அம்மோனியம் குளோரைடு. 1861 இல் பெல்ஜியத்தின் சால்வே கண்டுபிடித்த முறையைச் சீனாவின் ஹோ டெபாங் 1940களில் மாற்றியமைத்ததன் வழி வந்தது இது. சால்வே முறையில் நவச்சாரத்தைச் சுண்ணாம்போடு சேர்த்து அம்மோனியாவைத் திரும்ப எடுத்துவிடுவார்கள். இரட்டை உற்பத்தி எனப்படும் இந்த முறையில் நவச்சாரத்தையே உரமாக விற்றுவிடுகிறார்கள். அதனால்தான் ஆலையின் பெயரில் "ஆல்கலி"யும் "ஃபெர்டிலைசர்"ஸும் சேர்ந்தே இருக்கிறது.

இப்போது செய்தியின் முதல் சறுக்கல். ஆலையின் முக்கியச் சரக்கு சமையல் சோடா இல்லை. சோடா ஆஷ், அதாவது சோடியம் கார்பனேட். சமையல் சோடா நடுவில் வந்துபோகும் பொருள். அதை 160, 200 டிகிரி சூட்டில் வறுத்தால் சோடா ஆஷ் ஆகும். அமிலம் போதாத கேக்குக்குள் நடந்தது என்று மேலே சொன்னேனே, அப்படியே அதே வினைதான், டன் கணக்கில். வெளியேறும் பாதி வாயுவை ஆலை திரும்பப் பிடித்துக் கோபுரத்துக்கே அனுப்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் செய்தியைப் படித்தவர் மனதில் பதிந்தது கேக் சோடா. அதே கட்டுரை, கண்ணாடி, சலவைத்தூள், காகிதம் என்று அதன் பயன்களை அடுக்குகிறது. அவை பெரும்பாலும் சோடா ஆஷின் பயன்கள்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை என்பதற்கு ஒரு கணக்கு. 60,000 டன் வாயுவும் சமையல் சோடா ஆனால் 1,14,500 டன் சோடா வரும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7.2 கோடி. குழந்தை, கிழவர் உட்பட ஆளுக்கு வருஷத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் சோடா. அவ்வளவு கேக்கையும் போண்டாவையும் தின்று தீர்க்க நம்மால் ஆகாது. எண்ணைப் பார்த்த உடனே இது அடுப்பங்கரைச் சரக்கு இல்லை என்று எழுதியவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

எவ்வளவு நாள் பூட்டு?

பூட்டி வைப்பது என்றால் எவ்வளவு காலம் என்று கேட்க வேண்டும். பொருள் எங்கே போகிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

கேக்குக்குப் போனால்: அடுப்பில் வைத்த அரைமணி நேரத்தில் வாயு வெளியே.

கண்ணாடிக்குப் போனால்: சோடா ஆஷையும் மணலையும் 1,500 டிகிரி அளவில் உருக்குவார்கள். அங்கே மணல்தான் அமிலத்தின் வேலையைச் செய்கிறது. சோடியம் கண்ணாடிக்குள் தங்கும், கரியமில வாயு உலைப் புகையோடு போய்விடும். தூத்துக்குடிப் புகைபோக்கியில் போகவேண்டியது வேறு ஊர்ப் புகைபோக்கியில் போகிறது, அவ்வளவுதான்.

சலவைத்தூளுக்குப் போனால்: இங்கேதான் நியாயமாக ஆலை பக்கம் ஒரு புள்ளி போடவேண்டும். துணி துவைத்த தண்ணீரோடு சாக்கடைக்கும், ஆற்றுக்கும், கடைசியில் கடலுக்கும் போகும் கார்பனேட், வழியில் பலமான அமிலத்தைச் சந்திக்காத வரைக்கும் பைகார்பனேட்டாகக் கரைந்தே இருக்கும். அப்படி மாறும்போது இன்னும் கொஞ்சம் கரியமில வாயுவைக்கூட உள்ளே இழுத்துக்கொள்ளும். கடல் சற்றே கார குணமுள்ளது. அங்கே அது நெடுங்காலம் தங்கலாம். செய்தியில் யாரும் சொல்லாத இந்த ஒரு வழிதான் "பூட்டு" என்ற சொல்லுக்கு ஓரளவு பக்கத்தில் வருகிறது.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு.

காரம் எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. என் விமரிசனத்தின் மையமும் இதுதான்.

சாப்பாட்டு உப்பு நடுநிலையானது. அமிலமும் இல்லை, காரமும் இல்லை. தூத்துக்குடி உப்பளத்தில் அள்ளிய உப்பிலிருந்து காரமான சோடாவைப் பிரித்தெடுத்தால், அதற்கு ஈடான அமிலம் எங்கேயோ போயே ஆகவேண்டும். கேக்கில் பார்த்த மூன்றாவது விதி. சால்வே முறையில் அந்த அமிலப் பங்கைச் சுண்ணாம்புக்கல் வாங்கிக்கொள்கிறது. தூத்துக்குடி முறையில் வாங்கிக்கொள்வது அம்மோனியா. வாங்கிக்கொண்டு நவச்சாரம் ஆகிறது.

நவச்சாரம் உரமாக வயலுக்குப் போகிறது. நெல்லுக்கு அது நல்ல தழைச்சத்து உரம்தான். வேர் அம்மோனியத்தை எடுத்துக்கொள்ளும்போது, அதற்கு ஈடாக அமிலத்தை மண்ணில் விட்டுவிடும். மண்ணின் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்கினாலும் அமிலம் வெளிப்படும். அம்மோனியம் உரங்கள் நாளடைவில் மண்ணைப் புளிக்க வைப்பது உழவியலில் புதிய செய்தி இல்லை. அந்த அமிலம், பாசனத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டையோ, கரிசலில் கிடக்கும் சுக்கான் கல்லையோ தொட்டால் என்ன வரும்? கரியமில வாயு. கேக்கில் தயிர் செய்த வேலையை வயலில் நவச்சாரம் செய்கிறது. ஆலைக்குள் ஒரு பக்கம் வரவு வைத்த காரம், தாமிரபரணிப் பாசன வயலிலோ வேறெந்த வயலிலோ அமிலமாகச் செலவு எழுதப்படுகிறது.

அடுத்து அம்மோனியாவின் சொந்தக் கணக்கு. 60,000 டன் வாயுவை முழுக்கச் சோடா ஆஷாக மாற்ற, வினைக் கணக்குப்படி சுமார் 46,000 டன் அம்மோனியா வேண்டும். இயற்கை எரிவாயுவிலிருந்து செய்தாலும் ஒரு டன் அம்மோனியாவுக்கு ஏறக்குறைய 1.8 டன் கரியமில வாயு வெளியேறும். நாப்தாவோ நிலக்கரியோ என்றால் இன்னும் கூடும். பெருக்கினால் 83,000 டன். பூட்டியதாகச் சொல்வதைவிட அதிகம்!

இதை வைத்து "பார், மோசடி" என்று கத்துவது எளிது. அப்படிச் செய்தால் நானும் செய்தி எழுதியவரின் தவறையே திருப்பிச் செய்வேன். அந்த அம்மோனியா எப்படியும் ஏதோ ஒரு உரமாக வயலுக்குப் போகப்போவதுதான். அதன் புகையைச் சோடா தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை. சோடாவுக்கும் உரத்துக்கும் பங்கு பிரிக்க வேண்டும். பங்கு பிரித்த பிறகும் 60,000 என்ற எண் முழுசாக நிற்காது என்பது மட்டும் உறுதி. அதே தூத்துக்குடியில் ஸ்பிக் ஆலை செய்யும் யூரியாவுக்கும் இந்த நியாயம் உண்டு. யூரியாவிலும் கரியமில வாயு கட்டப்பட்டிருக்கிறது. வயலில் ஈரம் பட்டதும் அவிழ்ந்துவிடுகிறது. யூரியா மூட்டையை யாரும் பருவநிலைக் காப்பான் என்று கொண்டாடுவதில்லை. சோடாவுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை?

ஆலைக்கு உரிய பெருமை எது

ஆலைக்குக் கரியமில வாயு எப்படியும் வேண்டும். சால்வே முறையில் போயிருந்தால் சுண்ணாம்புக்கல்லைக் கல்கரியோடு சுட்டு, புதிதாக வாயு உண்டாக்கியிருப்பார்கள். அதற்குப் பதிலாக, எப்படியும் வானத்துக்குப் போகிற புகையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் புதிதாகச் செய்யாமல் விட்ட வாயுதான் உண்மையான லாபம். "பூட்டினோம்" என்பதற்குப் பதில் "புதிதாக உண்டாக்காமல் தவிர்த்தோம்" என்று சொல்லியிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையே எழுத வேண்டியிருக்காது. சொல்லப்போனால் ஆலை உரிமையாளர் இதை மறைக்கவே இல்லை. உலகத்தைக் காப்பாற்றுவது தன் யோசனையில் இருந்ததில்லை, தடையில்லாமல் வாயு கிடைக்க இதுதான் நல்ல வழி என்ற பொருளில்தான் அவர் பேசினார். இந்தச் செய்தியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அந்த நேர்மைதான். கார்டியன் கட்டுரையும் உள்ளே ஓரிடத்தில் இது எல்லா நோய்க்கும் மருந்தில்லை என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் பரவியது தலைப்பு. தலைப்பு மட்டும்.

ஏன் இவ்வளவு கறார்?

ஒரு கேக் சோடா விஷயத்துக்கு இவ்வளவு பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். நான் இருப்பது கூடங்குளத்தில். "சுத்தமான" என்ற சொல் எங்க ஊரில் லேசான சொல் இல்லை. ஒரு பக்கம் 1,000 மெகாவாட் அணு உலைகள், கரியமில வாயு வெளியேற்றாத மின்சாரம் என்று சொல்லப்படுபவை. கழிவைப் பற்றியும் கடலைப் பற்றியும் விபத்தைப் பற்றியும் இடிந்தகரைக்காரர்கள் கேட்ட கேள்விகள் இன்னும் காற்றில் இருக்கின்றன. மறுபக்கம் ராதாபுரம் வட்டாரம் முழுக்கக் காற்றாலைகள். தூத்துக்குடியோ, தொழிற்சாலைப் புகை பற்றிய சண்டையில் 2018 மே மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர். இந்தக் கடற்கரையில் ஒரு ஆலை "நாங்கள் புகையைச் சோடாவாக்கிவிட்டோம்" என்று சொன்னால், அந்த வாக்கியத்தை எடை போட்டுப் பார்க்கும் உரிமை மட்டுமில்லை, கடமையும் எங்களுக்கு இருக்கிறது.

எடை போட்டுப் பார்ப்போம். தூத்துக்குடி அனல்மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் ஐந்து அலகுகள், மொத்தம் 1,050 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு. முழு மூச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு சுமார் 24,000 டன். ஆக, சோடா ஆலை ஒரு வருஷம் முழுக்கப் "பூட்டும்" 60,000 டன், அதே ஊர் மின் நிலையத்தின் இரண்டரை நாள் புகை. சோடா மறுபடி அவிழாது என்று வைத்துக்கொண்டாலும் இவ்வளவுதான்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்து மதுரை போகிற வழியில் தாழையூத்து சங்கர் நகரில், 1949 இல் உற்பத்தி தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை இருக்கிறது. சுண்ணாம்புக்கல்தான் இயற்கை போட்ட உண்மையான பூட்டு; கோடிக்கணக்கான வருஷங்கள் தாங்கியது. ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லுக்குள் 440 கிலோ கரியமில வாயு. சிமெண்டு சூளையில் அதைச் சுடும்போது அந்தப் பூட்டைத் திறக்கிறோம்; எரிக்கும் கரியின் புகை தனி. வீட்டுச் சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றிலிருந்து வாயுவை மெதுவாகத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது என்பது அழகான விஷயம்தான். ஆனால் சூளையில் இழந்ததைத்தான் அது திரும்ப வாங்குகிறது, ஒரு கிராம்கூட அதிகமில்லை.

இதிலிருந்து எனக்குத் தெளிவானது ஒன்று. கரியமில வாயு ஒரு அமிலம். அதை நிரந்தரமாகக் கட்டிப்போட வேண்டுமானால், யாரும் சுட்டு எடுக்காத, வேறு எங்கேயும் அமிலத்தை மிச்சம் வைக்காத ஒரு காரம் வேண்டும். பாறைகளில் இயற்கையாகவே இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் அப்படிப்பட்டவை; மழையும் பாறையும் அந்த வேலையை யுகக் கணக்கில் செய்கின்றன. நாம் நிலக்கரியை எரிக்கிற வேகத்துக்கு அந்தக் காரம் கிடைக்காது. எரிப்பதைக் குறைப்பதுதான் கணக்கில் நேராக நிற்கும் ஒரே பதிவு.

இனிமேல் "கரியமில வாயுவிலிருந்து" சோடா, "கரியமில வாயுவிலிருந்து" எரிபொருள், "கரியமில வாயுவிலிருந்து" செங்கல் என்று ஏதாவது செய்தி உங்கள் கைக்கு வந்தால், அனுப்புவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியில் வெளிவரும் பொருள் சரியாக எது? அது எங்கே, எத்தனை நாளில் அமிலத்தையோ நெருப்பையோ சந்திக்கும்? அதற்கு வேண்டிய காரமோ சக்தியோ எங்கிருந்து வந்தது? மூன்றுக்கும் பதில் இருந்தால் அனுப்புங்கள். நானும் சந்தோஷமாகப் படிப்பேன்.

கேக் செய்கிறவர்களுக்குக் குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம். ஒரு கேக் விடுகிற 2.6 கிராம் வாயு, நாம் சில நிமிஷம் விடுகிற மூச்சில் வருவது. தயிரை மட்டும் கொஞ்சம் தாராளமாக ஊற்றுங்கள்.